மீசை போன மாமன்

ஜூன் 5, வியாழன்

திருப்பூர் வந்து சேர்ந்தேன். அக்கா மகள் கனிஷ்கா என்னைப் பார்த்ததும் அலறினாள். எனக்குப் பயணக் களைப்பு. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

களைப்பு தீர்ந்துவிட்டது. அலறல் தீரவில்லை.

கனிக்கு ஒன்றே முக்கால் வயது. என் அக்கா வயிற்றில் அவள் இருக்கும்போதே மஸ்கட் போனவன் நான். ஏசி ரிப்பேர் கம்பெனியில் வேலை. அவள் பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்ததெல்லாம் போனில்தான். தினமும் சாயங்காலம் வீடியோ கால் போட்டு, "கனிக்குட்டி, மம்மு சாப்ட்டாச்சா? என்ன மம்மு?" என்று கேட்பேன். சிரிப்பாள், போனுக்கு முத்தம் கொடுப்பாள், சில நாள் தயிர்ச்சோறு கூட ஊட்டுவாள். அவள் முதலில் சொன்ன வார்த்தைகளில் 'மாமா'வும் ஒன்று. இதை மஸ்கட்டில் என் அறையில் இருக்கிறவர்களிடம் சொல்லாத நாளே கிடையாது.

இன்று காலை வரவேற்பறையில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கதவு வழியாக எட்டிப் பார்த்தவள் ஒரே கத்தாகக் கத்திவிட்டு அக்கா சேலைக்குள் புகுந்துகொண்டாள். அக்கா என்னைக் காட்டி, "மாமாடி, உன்ற மாமா" என்றாள். கனி மேசை மேலிருந்த போனைக் காட்டி 'மாமா' என்று திருத்தினாள். அவளைப் பொறுத்தவரை மாமா என்பவன் ஒரு சாண் நீளம், கையில் எடுக்கலாம். வீட்டுக்குள் லுங்கியோடு உட்கார்ந்திருக்கும் இந்த ஆள் யாரோ.

சாயங்காலம் அக்கா வீட்டு ஃபிரிட்ஜைச் சரிபார்த்தேன். நான் மெக்கானிக் என்பதால் மிக்ஸி, டேபிள் ஃபேன், மச்சானின் டிரிம்மர் எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்துவிட்டன. பிள்ளை மட்டும் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இது விளையாட்டுக் காரியம் இல்லை. வருகிற ஞாயிறு கனிக்கு மொட்டை, காது குத்து. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் மச்சான் வீட்டுக் குலதெய்வம் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு வயதிலேயே முடித்திருக்க வேண்டியது. தம்பி வரட்டும் என்று அக்கா இவ்வளவு நாள் தள்ளிப்போட்டுவிட்டாள். மச்சான் வீட்டார் அதற்கு என்னென்ன பேசியிருப்பார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா அப்பா போன பிறகு ஊர் என்றால் எனக்கு அக்கா வீடுதான். அந்த மடி ஒன்றுதான் இங்கே எனக்கு இருக்கிற உரிமை. அதில் உட்கார வேண்டியவள் என்னைக் கண்டால் மூச்சு விடாமல் அழுகிறாள்.

அக்கா ஒரு யோசனை சொன்னாள். நான் மொட்டை மாடிக்குப் போய் வீடியோ கால் போட வேண்டும். போட்டேன். அட, என்ன சிரிப்பு, என்ன கொஞ்சல்! மாடியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, கீழே அவள் போனுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே பேசிக்கொண்டே படியிறங்கி மெதுவாக உள்ளே போனேன். போனில் ஒரு மாமா, வாசலில் ஒரு மாமா. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ஈஸ்வரியம்மா ஓடி வந்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

பிஸ்கட் வாங்கி வந்தேன். பிஸ்கட்டை மட்டும் ஏற்றுக்கொண்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

பெரியப்பா மகன் தனபாலண்ணன் வந்திருந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு. முறைக்கு அவரும் கனிக்கு மாமன்தான். வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதுமே அவள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், அவள் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷர்தான். இருந்தாலும் அவ்வளவு உயரம் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ராத்திரி சாப்பிடும்போது மச்சான் மெதுவாகப் பேச்செடுத்தார். மச்சான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதிர்ந்து பேசமாட்டார், அளந்துதான் பேசுவார்.

"மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. ஊசி எறங்கற நேரத்துல புள்ள திமிறுனா காது கிழிஞ்சு போயிரும். அன்னிக்கும் இப்படியே இருந்தாள்னா தனபாலே உக்காரட்டும். அவரும் மாமன்தானுங்களே."

சரிங்க மச்சான் என்றேன். வேறென்ன சொல்வது? அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அக்கா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள், நான் கேட்கவே இல்லை.

ஜூன் 11, புதன்

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மீசை.

நன்றாகக் கவனித்துத்தான் முடிவுக்கு வந்தேன். பால்காரப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவனுக்கு மீசை இல்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்துச் சிரித்தாள், அவருக்கும் இல்லை. போனில் என் மீசை சின்னதாகத் தெரியும். நேரில் பார்த்தால் பிள்ளைக்குப் பயமாகத்தானே இருக்கும்? கல்லூரிக் காலத்திலிருந்து வளர்த்த மீசை. ஒரு பிள்ளைக்காக இது கூடச் செய்யாவிட்டால் என்ன மாமன் என்று தெருமுக்கு சலூனுக்குப் போய் மழித்துவிட்டு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா?

திரும்பி வரும்போது ஈஸ்வரியம்மா வாசலில் கோலத்தை மிதிக்காமல் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "யாருக்குச் சாமி? ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கேட்டார். துக்கம் நடந்த வீட்டில்தானே மீசையை எடுப்பார்கள். அது எனக்கு ஞாபகமே வரவில்லை. பிள்ளைக்காக எடுத்தேன் என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா தெரியவில்லை. சாயங்காலம் இன்னும் இரண்டு பேர் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கனி தூங்கிவிட்டாள். நாளைக்குக் காலை தெரியும்.

ஜூன் 12, வியாழன்

தெரிந்துவிட்டது.

நேரில் போனால் பழைய கதைதான். சரி, முதலில் போனில் பழகட்டும் என்று மாடிக்குப் போய்க் கால் போட்டேன். போனைக் கையில் வாங்கியவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. போனைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள்.

அக்கா மாடிக்கு ஏறி வந்தாள். என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருந்த ஒரு மாமனையும் தொலச்சுப்போட்டயேடா" என்றாள். "தனபாலண்ணனுக்கு இல்லாத மீசையாடா உன்றது?"

தனபாலண்ணனுக்கு மீசை காது வரைக்கும் இருக்கிறது. என் ஆராய்ச்சியில் அவரைச் சேர்க்க விட்டுப்போயிற்று.

ஜூன் 14, சனி

கோயில் மண்டபத்து மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையிலேயே காரில் கிளம்பினோம். நேரே கோயிலுக்குப் போகாமல் வழியில் கொடிவேரி அணையில் ஒரு பகல் இருந்துவிட்டுப் போகலாம் என்பது அக்காவின் ஏற்பாடு. பிள்ளை தண்ணீரைக் கண்டால் குஷியாகிவிடுவாள், அந்தக் குஷியில் உன்னிடம் ஒட்டிக்கொள்வாள் என்று சொன்னாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. புது டவல், பிளாஸ்டிக் வாத்து எல்லாம் வாங்கி வைத்திருந்தேன்.

கனிக்கு உண்மையிலேயே குஷிதான். மச்சான் தோளில் உட்கார்ந்து தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தாள். நான் வாத்தை நீட்டினேன். வாத்தை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் போகும் போதெல்லாம் அவள் சிரிப்பு நின்றுபோவதைப் பார்த்து நானே ஒதுங்கிவிட்டேன். பைகளையும் ஈரத் துணிகளையும் சுமந்துகொண்டு பத்தடி பின்னால் நடந்தேன். ஒருவர் பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று அக்காவிடம் சொன்னேன்.

மறுநாள் கோயில் என்பதால் மீன் வறுவலைத் தொடக் கூடாது. சுற்றிலும் மீன் வாசனை. அந்த வருத்தத்தைத் தீர்த்துக்கொள்ள அக்கா மிளகாய்த் தூள் போட்ட மாங்காய், அன்னாசி, வெள்ளரிக்காய், மசால் பொரி என்று ஒரு கடை விடவில்லை. போதும் என்றார் மச்சான். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் பாதி கிடைத்தது.

பரிசலில் ஏறப் போனோம். அவர்கள் மூன்று பேரும் முன்னால் போய் ஏறிவிட்டார்கள். பின்னால் வந்த என்னைப் பரிசல்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க தனி ஆளுங்களா? அடுத்த பரிசல்ல வாங்க."

அக்கா அங்கிருந்தே என் தம்பிதான் என்று கத்தினாள். பரவாயில்லை, நான் கரையிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் என்ன தப்பு? பார்த்ததைத்தான் கேட்டார். ஆனால் கரையில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

இருட்டும் முன் கோயிலுக்கு வந்துவிட்டோம். நாளை யார் மடி என்று யாரும் பேசவில்லை. தனபாலண்ணன் காலையில் மற்ற உறவுக்காரர்களோடு வேனில் வருகிறார். பட்டுச் சட்டை எடுத்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

கண் எரிகிறது, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நேற்று நான் டைரியை மூடிய கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. நிற்கவே இல்லை. சத்தியமங்கலம் கூட்டிப்போய்க் குளுக்கோஸ் ஏற்றினால்தான் சரிப்படும் என்று மச்சான் காரை எடுத்தார். கனி தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அவள் எழுந்திருக்க மாட்டாள், நீ சும்மா பக்கத்தில் உட்கார்ந்திரு என்று அக்கா சொன்னாள். அந்த வலியிலும் எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கார் மண்டபத்து வளைவைத் தாண்டியிருக்காது. கனி எழுந்துவிட்டாள்.

அம்மாவைத் தேடினாள், அப்பாவைத் தேடினாள், என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? அறை மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவள் கத்துகிறாள், எதிர் மூலையில் நான் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் போனால் வாந்தி எடுத்துவிடுவாளோ என்று பயம். போகாமலிருந்தால் அழுதே மூச்சுத் திணறிவிடுமோ என்று பயம். கீழே படுத்திருந்த பூசாரி வந்து கதவைத் தட்டி, பிள்ளை யாருடையது என்று கேட்டார். சந்தேகமாகத்தான் கேட்டார்.

அவர் போன பிறகு கரண்ட் போயிற்று.

கும்மிருட்டு. அவளுக்கு அழுகை இன்னும் கூடியது, இப்போது அது என்னைப் பார்த்து வந்த பயமில்லை, இருட்டுப் பயம். என்ன பேசுவதென்று தெரியாமல், இத்தனை நாள் பேசிப் பழகிய ஒன்றே ஒன்று வாயில் வந்தது.

"கனிக்குட்டி... மம்மு சாப்ட்டாச்சா? என்ன மம்மு?"

அழுகை நின்றது. விக்கல் மட்டும் கேட்டது. மறுபடியும் கேட்டேன். அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "தச்சி மம்மு" என்றாள். தயிர்ச்சோறுதான்.

இத்தனை நாளும் என்னைப் பார்த்தவுடனே அலறுவாள். அந்த அலறலில் என் குரல் அவள் காதில் எங்கே விழுந்திருக்கும்? முகத்தை மாற்ற மீசையெல்லாம் எடுத்தேனே, என் குரலைக் கேட்க அவளுக்கு ஓர் இடைவெளி கொடுத்தேனா? தச்சி மம்மு யார் ஊட்டினா என்று கேட்டேன், அம்மா என்றாள். வாத்து எங்கே என்று கேட்டேன், நீளமாக என்னவோ சொன்னாள். அவள் குரல் ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. கடைசியில் ஒரு ஈரக் கை என் முழங்காலைத் தொட்டது. 'மாமா?' என்று கேட்டாள். ஆமா சாமி, மாமாதான் என்றேன். என் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் தூங்கியிருப்பாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? சாயங்காலமே ஒரு தூக்கம் போட்டவள் அவள். ஃபேன் இல்லை, புழுக்கம், கொசு. விசிறி ஒன்றும் கிடைக்காமல், சீர் வைக்க வாங்கிய எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதில் இருந்த வாழைப்பழம் வெற்றிலை எல்லாவற்றையும் பாயில் கொட்டிவிட்டு அந்தத் தட்டால் விசிறினேன். நிறுத்தினால் 'ம்' என்பாள். தண்ணீர் வேண்டும் என்றாள், குடிக்கவில்லை. பால் வேண்டும் என்றாள், என் சட்டையில் கொட்டினாள். சீர்ப் பழத்தில் ஒன்றைப் பாதி தின்றுவிட்டு மீதியை என் காதுக்குள் வைத்தாள். கொடிவேரியில் நான் கரையில் நின்ற கதையைச் சொன்னேன். அதைத்தான் ரொம்ப ரசித்தாள்.

நடுவில் கரண்ட் வந்தது. பளீரென்று லைட் எரிந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரே தாவலில் போய் சுவிட்சை அணைத்துவிட்டேன். ஃபேனை மட்டும் போட்டேன். கோழைத்தனம்தான், இருக்கட்டும்.

ஆனால் சுவிட்சைத்தான் அணைக்க முடியும். ஜன்னல் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அவள் என் வயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு வாத்துக்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பேச்சை நிறுத்தவே இல்லை. வாத்து என்ன சொல்லுது, வாத்துக்குப் போதுமா என்று பேசிக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. என் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டி, மீசை இருந்த இடத்தை ஒரு தடவை தடவினாள். 'மாமா, ஆ' என்று பழத்தை என் வாயில் திணித்துவிட்டு மறுபடி வாத்தைப் பார்க்கப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

அக்காவும் மச்சானும் வரும்போது நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா காரை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றாள். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மச்சானைப் பார்த்து, "நான் செத்துப் பொழைச்சு வாரேன், இவ ஒருக்காவது திரும்பிப் பாக்கறாளான்னு பாருங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தனபாலண்ணன் வேனிலிருந்து பட்டுச் சட்டையோடு இறங்கி வந்து வழக்கம்போல் இரண்டு கையையும் நீட்டினார். கனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

மொட்டை அடிக்க வந்தவர் மீசை இல்லாத என் முகத்தைப் பார்த்து, மாமனுக்கு முன்னாடியே ஆயிருச்சுங்களா என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். கத்தி வைக்கும்போது சும்மா இருந்தாள். காது குத்த வந்த ஆசாரி ஊசியை எடுத்ததும் மச்சான் என் பக்கத்தில் வந்து குந்தினார். நான் அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மம்மு சாப்ட்டாச்சா என்று காதில் கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஊசி இறங்கிவிட்டது. என்ன கத்து! இரண்டாவது காதுக்கு அந்தக் கேள்வி செல்லுபடியாகவில்லை. ஆனால் திமிறவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என்னிடமே என்னைப் பற்றிப் புகார் சொல்லி அழுதாள்.

ஜூன் 17, செவ்வாய்

காதுக்கு எண்ணெய் போட நான்தான் வேண்டும். சோறு ஊட்ட நான்தான். குளியலறைக்குள் போனால் வெளியே நின்று கதவைத் தட்டுகிறாள். அக்கா மத்தியானம் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, இன்னும் ஒரு மாசம் லீவு கேளேண்டா என்றாள். கேட்டுப் பார்த்தேன். தரமாட்டார்களாம்.

ஜூன் 20, வெள்ளி

கோவை விமான நிலையம். உள்ளே வந்துவிட்டேன்.

நேற்றே அக்கா சொல்லிவிட்டாள்: அவள் தூங்கும்போதே கிளம்பிவிடு, பார்த்தால் விடமாட்டாள், அப்புறம் ரெண்டு நாளைக்கு அழுவாள், நான்தான் சமாளிக்க வேண்டும். நியாயமான பேச்சு. நானும் சரி என்றேன். அதிகாலையில் சத்தமில்லாமல் எழுந்து, சத்தமில்லாமல் குளித்தேன். மச்சான் காரை வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார். கனி கட்டிலில் மொட்டைத் தலையோடு குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை இருமினேன், தொண்டை கரகரப்பாக இருந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. சரி போகலாம் என்று பெட்டியை எடுத்தேன்.

பெட்டி விழுந்துவிட்டது. நல்ல கனமான பெட்டி, பித்தளைப் பாத்திரம் விழுந்த மாதிரி சத்தம். கனி எழுந்து உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என் பேண்ட்டைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். தாவி வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தூக்கிக்கொண்டேன். தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அக்காவும் மச்சானும் சேர்ந்துதான் அவள் விரல்களை என் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

காரில் ஏறும்போது அக்கா ஜன்னல் பக்கம் குனிந்து, "வேணும்னே போட்டியாடா?" என்று கேட்டாள்.

இல்லை, கை தவறி விழுந்தது என்று அவளிடம் சொன்னேன். இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன்.